நான்கு முட்டைக்கு ஒரு மஞ்சள் கொடி

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்து ஆண்கள் யார் இறந்துபோனாலும் செய்தித்தாளில் கடைசி வரி ஒன்றுதான்: வேட்டையும் மீன்பிடிப்பும் அவருக்கு உயிர். ஆர்லன் ஹாவ்லண்டுக்கும் அப்படித்தான் போட்டார்கள். அவர் துப்பாக்கியைத் தொட்டவரில்லை. மீன் வாடை அடித்தால் குமட்டும் அவருக்கு. அவருக்கு உயிராக இருந்தது அவர் வீட்டுத் தபால் பெட்டியிலிருந்து பக்கத்து வயல்காரர் வெர்னின் டிராக்டர் இறங்கும் தடம் வரைக்கும் சாலையை ஒட்டி ஓடுகிற முந்நூறு தப்படி வாய்க்கால். அதையும் நாற்பத்திரண்டு வயதில்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்கு அப்போது வயது நாலு.

ஆர்லன் மாவட்டச் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டினார். சரளைச் சாலையைச் சுரண்டி, மேட்டைச் சீவி, பள்ளத்தை நிரப்பி, நடுவில் முதுகு வைத்துச் சமன் செய்யும் நீண்ட மஞ்சள் வண்டி அது. பதினேழு டன். பத்தொன்பது வருடமாக அதில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு காப்பிக் கோப்பையை மூடியில்லாமல் வைத்துக்கொள்வார். போன தடவை சமன் செய்த சாலையில் இந்தத் தடவை போகும்போது காப்பி தளும்பினால் அன்று முழுக்க முகம் சுண்டிப்போகும். கண் எப்போதும் வண்டிக்கு அடியில் சரளையைச் சுரண்டும் கத்தியின் வலது நுனியில் இருக்கும். அதைத் தாண்டி இரண்டடியில் வாய்க்கால். அங்கே என்ன முளைக்கிறது, எது ஊர்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தால் கோடு கோணிவிடும் என்பார்.

அந்த வருடம் ஏப்ரலில் அவர் மனைவி ஜோலீனை முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்கு மாற்றினார்கள். மூன்று மணிக்குப் போனால் திரும்ப இரவு பதினொன்று. முதல் நாள் அம்மாவின் கார் கிளம்பியதும் மகள் டில்டா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆர்லன் பொம்மையைக் காட்டினார், பிஸ்கட்டைக் காட்டினார், தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கூடக் காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"சரி வா, தபால் வந்திருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

"தபால் காலைலயே வந்துடுச்சுப்பா" என்றாள் அழுகைக்கு நடுவில்.

"மறுபடியும் வந்திருந்தா?"

அப்படி எங்கேயும் வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டாள். பெட்டி காலியாக இருந்தது. ஆனால் பெட்டிக்குக் கீழே, பனி உருகி நின்ற தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கிட்டே போனால் நிறுத்தின, நகர்ந்தால் தொடங்கின. டில்டா ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். வாய்க்கால் சத்தம் முழுவதையும் தன் பூட்ஸால் மூடித் திறக்க முடிகிறது என்று கண்டதும் சிரித்தாளே ஒரு சிரிப்பு, ஆர்லன் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கால்தான். டில்டாவின் கையில் காலி ஐஸ்கிரீம் வாளி. ஆர்லனின் கையில் ஒரு கொம்பு. கொம்பு அவர் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். சம்புப் புல்லில் கூடு கட்டும் சிவப்புத் தோள் கருங்குருவி, வருகிறவர்களில் எது உயரமோ அதைத்தான் கொத்தும். முதல் வாரம் அவர் தொப்பியில் நாலு முறை கொத்தியது. டில்டாவுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வாழ்க்கையில் இல்லை.

"அப்பா, கொம்ப கீழ போடேன். ஒரே ஒரு தடவ."

"உன் தலைல கொத்தினா தெரியும்."

"நான் குட்டை. அதுக்கு உன்னத்தான் புடிக்கும்."

வீடு திரும்பியதும் படியில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்த்து உண்ணி பொறுக்குவார்கள். "உனக்கு மூணு, எனக்கு ரெண்டு. நீ ஜெயிச்சுட்ட" என்று டில்டா முடிவு சொல்வாள். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துச் சிறுவர் வகுப்பிலும் சொன்னதால் ஜோலீனுக்கு இரண்டு தாய்மார்களிடமிருந்து தொலைபேசி வந்தது.

மே மாத நடுவில் ஒரு பறவை அவர்களைப் படுத்தத் தொடங்கியது. கில்டீர் என்று பெயர், நம் ஆள்காட்டியின் வம்சம். கழுத்தில் இரண்டு கறுப்பு வளையம், வாய் ஓயாது. சாலையோரத்தில் நடக்கும்போது திடீரென்று காலடியில் எழும்பி, ஓர் இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, அலறிக்கொண்டே ஓடும். முதல் நாள் இருவரும் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்கள். வெர்னின் தடம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு குறையுமில்லாமல் பறந்துபோயிற்று. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் டில்டா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி, பாவம் அடிபட்டிருக்கே, போகலயா?" என்றார் ஆர்லன்.

"அது பொய்யிப்பா. ஒளிஞ்சு வெளையாடறப்ப நான் சோபாவுக்குப் பின்னாடி இருந்தா, நீ அங்க வராம இருக்க, 'சமையக்கட்டுல யாரோ இருக்காங்க'ன்னு சொல்லுவேன்ல? அது மாதிரி."

"அப்ப?"

"அங்க போன்னு சொல்லுது. அப்ப இங்கதான் இருக்கு."

இங்கேதான் இருந்தது. அவள் முழங்காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, சாலை விளிம்பில், வெறும் சரளையில். கூடு என்று ஒரு குச்சிகூட இல்லை. கற்களோடு கற்களாக மூன்று முட்டை, புள்ளி விழுந்து, கூர் முனை உள்பக்கமாக. கண்ணை ஒருமுறை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் காணாமல் போய்விடும். மறுநாள் சனிக்கிழமை, நான்கானது.

டில்டா முட்டைகளைப் பார்த்தாள். பிறகு சாலையில் கிடந்த கிரேடரின் கத்தித் தடத்தைப் பார்த்தாள். தடம் முட்டைக்கு ஒரு சாண் பக்கத்தில் முடிந்திருந்தது.

"அப்பா, நீ இதுக்கு முன்னாடி இந்த மாதிரி முட்டை மேல எல்லாம் வண்டி ஓட்டியிருக்கியா?"

பத்தொன்பது வருடம். ஐந்நூறு மைல் சாலை. ஒவ்வொரு மே மாதமும்.

"தெரியலடா கண்ணு. நான் பாக்கல."

அவள் அதற்காக அவரைக் கோபிக்கவில்லை. பார்க்காவிட்டால் யாருக்குத்தான் தெரியும் என்பது போலத் தலையாட்டினாள். அதுதான் அவரை உலுக்கியது. "இத மிதிக்க மாட்டேன். என் வண்டி இத மிதிக்காது. சரியா?" என்றார். வாக்கைக் கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது, ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை இந்தச் சாலைக்குத்தான் புதுச் சரளை வருகிறது. ஆறு வருடத்துக்கு ஒரு முறை போடுவது. விளிம்பை வெட்டி இழுத்து, லாரி லாரியாகக் கொட்டி, அவர்தான் பரப்ப வேண்டும். சரளைக் குழி மேற்கே இருப்பதால் அவர் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் எப்போதும் தொடங்குவார்கள்.

ஜோலீன் தன் தொலைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "குஞ்சு பொரிக்க இருவத்திநாலுலேருந்து இருவத்தெட்டு நாள். அப்படின்னா ஜூன் பதிமூணு, பதினாலு. கர்ட்டுகிட்ட ஒரு நாலு நாள் தள்ளிப் போடச் சொல்லேன்."

கர்ட் சாலைத் துறையின் மேலாளர், ஆர்லனோடு பள்ளியில் படித்தவர். கேட்டால் ஒருவேளை சரியென்றிருப்பார். ஆனால் எங்கள் பக்கத்து ஆள் பனியில் கார் புதைந்து கிடந்தாலும், உதவிக்கு நிற்கிறவனிடம் "பரவாயில்ல, நீ கெளம்பு" என்றுதான் சொல்வான். ஒரு குருவிக்காகப் போய்க் கேட்பதா? "அடுத்த வாரம் கேக்கறேன்" என்றார் ஆர்லன். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

அதற்குள் இடத்தை மறக்காமலிருக்க ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அவர் வண்டிக் கதவுப் பையில் சாலையோரம் பொறுக்கிய சின்னக் கொடிகள் ஒரு கட்டு எப்போதும் கிடக்கும். கம்பி முனையில் உள்ளங்கை அகலத் துணி. பூமிக்கடியில் எது ஓடுகிறது என்று காட்ட நடுவது; சிவப்பென்றால் மின்சாரம், நீலமென்றால் தண்ணீர், மஞ்சளென்றால் எரிவாயு. நிலம் அளக்கிறவர்களின் இளஞ்சிவப்புக் கொடியை ஆர்லன் உருவினார். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

"மஞ்சள்" என்றாள் டில்டா.

"மஞ்சள் கூடாதுடா. அதுக்கு வேற அர்த்தம்."

"குருவிக்கு அர்த்தம் தெரியுமா?"

ஆர்லன் இளஞ்சிவப்பைக் கட்டுக்குள் திரும்பச் செருகினார். இந்தச் சாலையில் கத்தி வைப்பது நான் ஒருவன்தானே என்று நினைத்துக்கொண்டு, முட்டைக்கு மூன்றடி தள்ளி மஞ்சள் கொடியை நட்டார். பத்தொன்பது வருட அனுபவஸ்தர் செய்கிற காரியமா அது? கண் முன்னால் நாலு வயது நின்றால் அனுபவம் எங்கே நிற்கும்.

ஜூன் ஏழு, வெள்ளிக்கிழமை. காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே பார்த்தார். வெர்னின் தடத்தருகே கர்ட்டின் வண்டி. பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு சும்மா நின்றது. கர்ட்டும் வெர்னும் இடுப்பில் கை வைத்து மஞ்சள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லன் செருப்போடு ஓடினார். டில்டா இரவுடையோடு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு பின்னாலேயே.

"வாப்பா" என்றார் வெர்ன். எழுபது வயது, பேச்சில் எப்போதும் ஒரு முள். "நாப்பது வருஷமா இந்த வயல உழுறேன். அடியில எரிவாயுக் குழாய் போகுதுன்னு நேத்துதான் தெரியுது. சாகறதுக்குள்ள தெரிஞ்சுதே."

கர்ட் தலையைச் சொறிந்தார். "எனக்கே யாரும் சொல்லல ஆர்லன். கம்பெனிக்காரன் வந்து பாக்க ரெண்டு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் விளிம்பு வெட்ட முடியாது. திங்கக்கெழம லாரிய நிறுத்திட்டேன். இருவத்தஞ்சாம் தேதிக்கு மேல பாத்துக்கலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். டில்டாவின் கை அவர் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. ஆர்லன், "அப்படியா" என்றார்.

"உனக்கென்ன, அப்படியாங்குற" என்றார் வெர்ன். "அங்க பாரு, தடத்துக்கு அடியில தண்ணி போற என் குழாய்ப் பாலம் அடைச்சுக் கெடக்கு. எட்டு ஏக்கர் சோயா தண்ணில நிக்குது. இன்னைக்குத் தோண்டி மாத்தலன்னா திங்கக்கெழம வேர் அழுகிடும். பொக்லைனும் நாளைக்குத் திருப்பணும். ரெண்டு வாரம் கழிச்சு நான் அங்க சோயா அறுக்க மாட்டேன், வாத்து வளக்கணும்."

ஆர்லன் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட வராத இலைகள் வரிசையாக மூழ்கி நின்றன. குனிந்து மகளைப் பார்த்தார். அவள் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில ஒண்ணும் இல்ல வெர்ன்" என்றார். "கொடி நான் நட்டது. குருவி முட்டைக்கு. நீங்க தோண்டுங்க."

கர்ட் கொடியைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"குருவி முட்டைக்கு" என்றார் கர்ட்.

"ஆமா."

"எரிவாயுக் கொடி."

"டில்டாவுக்கு மஞ்சள்தான் புடிக்கும்."

வெர்ன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கில்டீர் அவர் காலடியிலிருந்து எழும்பி, இறக்கையை இழுத்துக்கொண்டு அலறியது. "அடடே, அடிபட்டிருக்குப்பா" என்று வெர்ன் கையை நீட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். இருபது தப்படி போனதும் அது பறந்துவிட்டது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார்.

"எல்லாரும் மொதல்ல அங்கதான் போவாங்க" என்றாள் டில்டா ஆறுதலாக.

கர்ட் சிரித்த சிரிப்பில் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிரித்து முடித்ததும் மேலாளராகிவிட்டார். "ஆனா ஒண்ணு. குழாய் இல்லன்னா திங்கக்கெழம லாரி வரும். நிறுத்தினதத் திரும்பக் கூப்பிடணும் நான். ஒரு குருவிக்காக அஞ்சு லாரிய வீட்ல நிறுத்தி வெச்சேன்னு மாவட்ட ஆணையர்கள்கிட்ட சொல்ல முடியாது."

"ஆறு மைலுக்கு நாலு நாள் ஆகும்ல?" என்றார் வெர்ன், மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிச்சா இங்க வர வியாழக்கெழம ஆயிடும்."

"நாப்பது வருஷத்துல அந்தக் கோடியிலேருந்து யாரும் ஆரம்பிச்சதில்ல."

"நாப்பது வருஷத்துல இங்க எரிவாயுவும் இருந்ததில்ல. அதுக்கு மட்டும் நேத்து ஒத்துக்கிட்ட?"

கர்ட் வாய்க்காலில் துப்பினார். எங்கள் பக்கத்தில் அது சம்மதம். "வியாழன் மத்தியானம். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

வெர்ன் அன்றே அடைத்துக் கிடந்த குழாய்ப் பாலத்தைத் தோண்டி மாற்றினார். பொக்லைனை முட்டைப் பக்கம் திருப்பாமல், வயல் பக்கமிருந்தே ஓட்டினார். குழாய்ப் பாலத்தில் தண்ணீர் இறங்கிய சத்தத்துக்கு வாய்க்கால் தவளைகள் எல்லாம் வாயடைத்துப்போயின.

புதன்கிழமை மாலை டில்டா முட்டைகளுக்கு மேல் குனிந்து வெகுநேரம் இருந்தாள். "பேசுது" என்றாள். ஆர்லன் சரளையில் கன்னத்தை வைத்துப் படுத்தார். ஓட்டுக்குள்ளிருந்து ஊசி முனை அளவில் ஒரு சத்தம், அதற்கு இன்னொரு முட்டையிலிருந்து பதில். அவர் எழுந்திருக்கும்போது கன்னத்தில் கற்கள் பதிந்திருந்தன. அன்று இரவு ஜோலீன் திரும்பி வந்து கேட்டபோதும் தடம் மறையவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கே அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மண் காய்ந்திருந்ததால் வேலை வேகமாக ஓடியிருந்தது. முன்னால் ஆர்லனின் கிரேடர், பின்னால் புழுதியில் ஐந்து லாரிகள். இன்னும் முப்பது தப்படி இருக்கும்போது கில்டீர் சாலைக்கு நடுவில் வந்து நின்றது. பெரிய உருவத்திடம் அது இறக்கை ஒடிந்த நாடகம் ஆடாது. செம்பழுப்பு வாலை விசிறியாக விரித்து, கிரேடரின் முகத்துக்கு நேரே நின்று திட்டியது. ஆர்லன் கத்தியைத் தூக்கினார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

டில்டாவும் ஜோலீனும் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார்கள். பஞ்சு உருண்டைபோல் மூன்று குஞ்சுகள், ஒன்று எழுந்து நிற்கவே செய்தது. நான்காவது முட்டையில் ஒரு விரிசல் மட்டும்.

முதல் லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு, வண்டி மக்கரா?"

"இல்ல" என்றார் ஆர்லன். இந்தத் தடவை வாய் தயங்கவில்லை. "ஒரு உதவி கேக்கணும். இங்க ஒரு குஞ்சு பொரியுது. நீங்க எல்லாம் இப்பவே மத்தியானச் சாப்பாட்ட முடிச்சுக்கறீங்களா?"

"பத்தரைக்கா?"

"அம்மா கேக் சுட்டிருக்கா" என்றாள் டில்டா.

ஐந்து லாரியும் அணைந்தன. ஜோலீன் தோட்டத்துப் புளிப்பு ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக்கைத் தட்டோடு கொண்டுவந்தாள். தாடிக்கார ஓட்டுநர்கள் வாய்க்கால் சரிவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் தன் வண்டியிலிருந்து சாலைப் பணிக்கான பலகையைக் கொண்டுவந்து டில்டாவின் கையில் கொடுத்தார். நீளக் கழியின் நுனியில், ஒரு பக்கம் சிவப்பில் 'நில்', மறுபக்கம் ஆரஞ்சில் 'மெதுவாக'. அது அவளைவிட இரண்டு மடங்கு உயரம். அவள் சிவப்பை லாரிகள் பக்கம் திருப்பி ஊன்றிக்கொண்டு நின்றாள். யார் எழுந்து கை துடைத்தாலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கர்ட் வந்தார். வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார், அணைந்து கிடந்த கிரேடரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். நேராக டில்டாவிடம் போனார்.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"நாலாவது வெளிய வந்துடுச்சு. ஈரமா இருக்கு. காயணும்."

கர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "ஓகோ. அப்ப சாப்பாட்டு நேரம் ஒண்ணு வரைக்கும் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சரிவில் உட்கார்ந்து ஒரு கேக் துண்டை எடுத்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தாய் எழுந்தது. நாலு தப்படி நடந்து நின்று கூப்பிட்டது. மூன்று குஞ்சுகள் குச்சிக் காலில் அதன் பின்னால் ஓடின, வாய்க்கால் சரிவில் இறங்கின. நான்காவது இரண்டடி ஓடி, லாரிச் சக்கரத் தடத்தில் விழுந்தது. ஏறிப் பார்த்தது, சறுக்கியது. டில்டாவின் கால் முன்னே வந்தது. ஆர்லன் அவள் தோளில் கை வைத்தார், அவள் நின்றாள். தாய் திரும்பி வந்து, தடத்தின் விளிம்பில் நின்று சின்னக் குரலில் ஏதோ சொன்னது. குஞ்சு தடத்தோடு கொஞ்ச தூரம் ஓடி, தணிந்த இடமாகப் பார்த்து ஏறி, தள்ளாடிக்கொண்டு புல்லுக்குள் போயிற்று.

"போயிட்டாங்களா? திரும்பி வர மாட்டாங்களா?" என்றாள் டில்டா.

"மாட்டாங்க. ஆனா வாய்க்கால்லதான் இருப்பாங்க. சாயந்தரம் தேடிப் பாப்போம்."

அவள் சற்று யோசித்தாள். பிறகு கழியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆரஞ்சுப் பக்கத்தைத் திருப்பினாள். கிரேடர் உறுமியது. ஆர்லன் கத்தியை இறக்கினார். லாரிகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்தன. கடக்கும்போது ஒவ்வொரு ஓட்டுநரும் எங்கள் பக்கத்து வழக்கப்படி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி அவளுக்கு வணக்கம் சொன்னார். டில்டாவுக்கு இரண்டு கையிலும் வேலை. கழியை விடாமலே ஒரு விரலை உயர்த்தினாள்.